தறி நின்ற நாளில் பாடியது

அருப்புக்கோட்டை
12.7.2025

பாண்டி,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். உன் நலத்தை விசாரிக்க எனக்கிருந்த ஒரே வழியை நீ போனில் பிளாக் போட்டு அடைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் பேனாவைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. திருப்பூர் முகவரியை உன் தங்கச்சி ப்ரியாவிடம் வாங்கினேன். கொடுக்கும்போதே, "அக்கா ஒங்க மேல கோவமா இருக்கு, பாத்து எழுதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்று எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை. காலையில் கரண்ட் போனதும் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. உனக்குத்தான் தெரியுமே, கடைசித் தறி நின்றதும் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி ஓர் அமைதி வரும். அந்த அமைதி வந்தால் அடுத்து நீ வருவாய் என்றுதான் இன்னும் என் மனசு நினைக்கிறது. திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாக, கையில் ஒரு பொட்டலம் சேவோடு. ஊரே கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கொண்டிருக்கும். பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாம் இருவர்தான். மற்ற நாளில் இந்தத் தெருவில் மைக்கைத் திறந்தால் தறிதான் பாடும், நாம் கோரஸ்.

அப்பாவின் நூல் பண்டல்களை உன்னைச் சுற்றிச் சுவர் மாதிரி அடுக்கி, ஜன்னலைச் சாத்தி, ஃபேன் இல்லாமல் வேர்த்து ஒழுகி, லேப்டாப்பில் சார்ஜ் தீர்வதற்குள் பாடி முடிக்க வேண்டும். ஒரு வரி சரியாக வரும்வரை பாடுவாய், வராவிட்டால் என்னைத் திட்டுவாய். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "ரா, அன்னம் தினு" என்பாள். எங்கள் வீட்டுத் தெலுங்கில் உனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். காலேஜ் முடித்த பிறகு உன் கல்யாணம் வரைக்கும் இருந்த அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால், பாட்டை விட அந்தச் சாப்பாடுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு கம்பெனி நம்முடைய 'தூங்கிப்போச்சு என் ஊரு' பாட்டைக் கேட்கிறது. விலைக்கு. மெட்டு என்னுடையது, வரிகளும் குரலும் உன்னுடையவை. அதனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அதை வேறொரு பாடகியை வைத்துப் புதிதாகப் பாட வைப்பார்கள். புதியது வெளிவரும்போது நம் பழைய பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இது அவர்கள் போட்ட நிபந்தனை, நான் போட்டதில்லை.

பணத்தோடு, கம்பெனியில் இசை சேர்க்கும் வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள். தீபாவளிக்குப் புதியதை வெளியிட வேண்டும் என்பதால் ஆவணிக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு இது வேண்டும், பாண்டி. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

ஜீவிதா


திருப்பூர்
24.7.2025

ஜீவிதாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் பனியன் கம்பெனி வாசலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டதும், கோர்ட் நோட்டீஸ் என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள். அதுவும் பாதி உண்மைதான். உன்னிடமிருந்து எனக்கு வருவதெல்லாம் நோட்டீஸ்தானே.

கையெழுத்துப் போட மாட்டேன். பத்திரம் என்னிடமே இருக்கிறது, பிள்ளை அதன் பின்பக்கம் கோழி வரைந்து வைத்திருக்கிறாள்.

போன சித்திரையில் என் வீட்டு அடுப்படியில் நின்று, நம் பாட்டின் இசையை ஓடவிட்டு, நான் பாடி ஒரு வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் கம்பெனிப் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும்தான். இரண்டாம் நாள் ஒரு நோட்டீஸ் வந்தது. "இந்தப் பாட்டின் உரிமையாளர் ஜீவிதா. உங்கள் வீடியோ நிறுத்தப்பட்டுள்ளது." என் தொண்டையிலிருந்து வந்ததற்கு நீ எப்போது பட்டா வாங்கினாய்? என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி அதை வாசித்துவிட்டு, "ஒன் சிநேகிதி ஒன்னையவே வேலி போட்டு அடைச்சுட்டாவளே" என்று சிரித்தார். லோடு வண்டி ஓட்டுகிற ஆள், அவர் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். நான் சிரிக்கவில்லை.

இப்போது அடுத்தபடியாக, இருக்கிற பாட்டையும் எடுக்கப் போகிறேன் என்கிறாய். வரி மட்டும் வேண்டும், என் குரல் வேண்டாம். நல்லா இருக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீர்வரிசை மட்டும் போதும், பெண் அங்கேயே இருக்கட்டும் என்ற கதையாக இருக்கிறது.

போனில் அடைத்ததை எடுக்கச் சொல்லாதே. எடுத்தால் வழக்கம்போல் நீட்டி நீட்டிப் பேசி அனுப்புவாய், நானும் திரும்பப் பேசி அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். எனக்குப் பேசப் பிரியமில்லை. எழுதுவதென்றால் எழுது.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

பாண்டீஸ்வரி


அருப்புக்கோட்டை
5.8.2025

பாண்டி,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது அடி விழுந்த மாதிரி இருந்தது, அதற்காகத்தான் போட்டாய் என்றும் தெரியும்.

அந்த நோட்டீஸை நான் அனுப்பவில்லை. சத்தியமாக. நம் பாட்டைக் காதுகுத்து வீடியோ, சடங்கு வீடியோ எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள், நமக்கு ஒன்றும் வரவில்லை. பாட்டை ஏற்றும் இடத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'யார் பயன்படுத்தினாலும் உங்கள் சார்பில் உரிமை கோரலாமா' என்று கேட்டது. தட்டினேன். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் போட முடிந்தது. யாரை விட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. மிஷினுக்குப் பாண்டி யார், பக்கத்து ஊர்க்காரர் யார் என்று தெரியுமா? ஒரே ராத்திரியில் சுற்றுவட்டாரம் முழுக்க நோட்டீஸ் போய்விட்டது. காரியாபட்டி வீடியோக்காரர் ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து, "எங்க கெடா வெட்டு வீடியோவை முடக்க நீ யாரு தாயி?" என்று வாசலில் நின்றார். மறுநாளே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல போன் போட்டால் நீ அடைத்துவிட்டாய்.

நான் என்ன செய்து பிழைக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. போனில் அனுப்புகிற காதுகுத்து வீடியோ பத்திரிகைக்குப் பெயர் போட்ட பாட்டுச் செய்கிறேன். தாய்மாமன்கள் பெயரை வரிசையாகப் பாட வேண்டும். போன மாதம் பெரிய மாமன் பெயரை இரண்டாவதாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வீட்டில் கைகலப்பாகிவிட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டு வெட்டித் தருகிறேன். பொங்கல் கச்சேரியில் கீபோர்டு. நம் பாட்டை லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள் என்று திரையில் காட்டுகிறது. அதில் வந்த பணத்தை அப்பாவிடம் கொடுத்தேன், அவர் பார்த்துவிட்டு, "இது பஸ்ஸு செலவுக்கா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார்.

குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்ததும் எனக்கு அங்கே ஓர் ஆபீஸ் வேலை என்று என் அண்ணன் தீபன் நாள் தவறாமல் சொல்கிறான். தப்பான வேலை இல்லை. ஆனால் போனால் திரும்பி வர மாட்டேன், அது எனக்குத் தெரியும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இத்தனை வருஷம் நின்றாயிற்று. இந்தக் கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் தீபாவளியோடு கீபோர்டைக் கட்டி வைக்கப் போகிறேன்.

ஒரு யோசனை தோன்றியது. நீயே வா. புதிதாகப் பாடுவதையும் நீயே பாடு. நல்ல மைக்கில், ஃபேன் காற்றில். கம்பெனியில் இருப்பவரிடம் கேட்டேன், பாடி அனுப்புங்கள் பார்க்கலாம் என்றார். அந்த 'என் ஊரு' என்று மேலே ஏறும் இடம் இருக்கிறதே, அதை உன்னைப் போல எவளாலும் பாட முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு ஞாயிறு போதும். பஸ் செலவு என்னுடையது, சேவு மட்டும் நீ வாங்கி வா.

ஜீவி


திருப்பூர்
22.8.2025

ஜீவி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் வேறு வேலை வந்தது. வரவில்லை என்றாலும் வரவழைத்துக்கொண்டேன்.

என்னால் பாட முடியாது. கோபத்தில் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசியில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. கட்டி. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் அது குரலுக்குப் போகிற நரம்போடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். "உசுருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, கொரல் முன்ன மாதிரி இருக்குமான்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார். இப்போது எனக்கு இருப்பது கரகரவென்று அடித்தொண்டையில் வருகிற ஒரு குரல். ராத்திரி பேசினால் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், யாரோ ஆள் வந்திருக்கிற மாதிரி. மூன்றாவது வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தக்கூட வராது. 'என் ஊரு' என்று மேலே ஏறுகிற இடத்தில் காற்று மட்டும்தான் போகிறது. முயன்று பார்த்தேன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் சீறுமே, அப்படி.

நீ நிறுத்தின அந்த அடுப்படி வீடியோ, ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முந்தின வாரம் எடுத்தது. ஒருவேளை போய்விட்டால் ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று எடுத்தேன். நோட்டீஸ் வந்த கோபத்தில் நானே அதை அழித்துவிட்டேன். போனில் இருந்ததையும் இடம் இல்லை என்று முன்னாலேயே அழித்தாயிற்று. ஆக, அழித்தது நான்தான், நீ இல்லை. இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்ததில் எனக்கு அதை மறக்க வசதியாக இருந்தது.

உன்னிடம் பேச மாட்டேன் என்றதற்கும் இதுதான் காரணம். இந்தக் குரலை நீ கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். மற்றவர்கள் கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை. உன் காது வேறு.

பழைய பாட்டுதான் என் பழைய குரல் இருக்கிற ஒரே இடம். அதனால்தான் எடுக்கக் கூடாது என்று நின்றேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நீ தறிக்காரர் வீட்டுப் பெண். நெய்த சேலை அழகாக இருக்கிறது என்று பீரோவில் அடுக்கி வைத்திருந்தால் உங்கள் வீட்டில் உலை கொதித்திருக்குமா? பாட்டும் அப்படித்தான். எனக்குத்தான் பாட முடியவில்லை. நீயும் கீபோர்டைக் கட்டி வைத்தால் நாம் அந்த நூல் பண்டலுக்குள் உட்கார்ந்து வேர்த்ததற்கு என்ன அர்த்தம்?

கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். கோழியை அழிக்க முடியவில்லை. இரக்கப்பட்டு நீ எதுவும் செய்யக் கூடாது. வரிகள் பாண்டீஸ்வரி என்று மட்டும் போடச் சொல்.

பாண்டி


அருப்புக்கோட்டை
3.11.2025

பாண்டி,

இந்தக் கடிதம் ஏன் இத்தனை தாமதம் என்று உனக்குத் தெரியும். நீ புதுப் பாட்டை இதற்குள் கேட்டிருப்பாய்.

உன் கடிதத்தை வாசித்த அன்று அம்மாவின் மடியில் படுத்து அழுதேன். இருபத்தொன்பது வயசுக்காரி. அம்மாவுக்கு விஷயம் சொன்னதும், "அந்தப் புள்ளைக்குத் தொண்டைக்கு இதமா என்ன குடுக்குறாகளோ" என்று உன் மாமியாரையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பத்திரத்தைக் கிழித்துவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் எனக்கு ஆசை. கிழித்திருந்தால் இந்தக் கடிதம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கச்சேரிக்குப் போனால் பையில் அது இருக்கும், தாய்மாமன் பாட்டு எழுதினால் பக்கத்தில் இருக்கும். கம்பெனிக்காரரிடம் பழைய பாட்டும் ஓர் ஓரமாக இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். இரண்டு இருந்தால் கேட்பவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்றார். நியாயமாகத்தான் பேசினார், அதனால் சண்டை போடவும் வழியில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் அனுப்பினேன். கோழியோடு.

உன் பெயரைப் போடச் சொல்லி மட்டும் விடாமல் நின்றேன். போட்டிருக்கிறார்கள். பாட்டைத் திறந்து கீழே தள்ளிப் பார்த்தால் இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நம் பாட்டை எடுத்தார்கள். காலையிலிருந்து காதில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐஸ்காரர் மணி பின்னால் கேட்குமே, அந்த இடத்தில் நீ ஒரு நொடி சிரிப்பை அடக்குவாய். அது வரைக்கும் பலமுறை கேட்டேன். மத்தியானம் ஒரு தடவை தொட்டால் பெயர் மட்டும் இருக்கிறது, பாட்டு ஓடவில்லை. புதியதில் மணி இல்லை. சுத்தமாக இருக்கிறது. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடுகிறாள், அதையும் சொல்ல வேண்டும். பாடுகிறாள், ஆனால் அவளுக்கு எங்கேயும் பஸ் தவறியதில்லை என்று தெரிகிறது.

அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறேன். வேலை உறுதியாகிவிட்டது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. உன் குரலை விற்ற பணத்தில்தான் போகிறேன். நீ இல்லை என்று சொல்வாய். நீ சொல்வதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கம்பெனி வாங்கியது முடிந்த பாட்டை மட்டும்தான். நான் எதையும் அழிக்காதவள், அதற்காக நீ எத்தனை கேலி செய்திருக்கிறாய். மைக்கைத் திறந்தால் சார்ஜ் தீர்கிறவரை ஓடவிடுவேன். அத்தனை மின்தடை நாளும் அதில் இருக்கிறது. நீ தப்பாகப் பாடியது, இருமியது, என்னைத் திட்டியது, நான் வெளியே போயிருந்தபோது நீ தனியாக முனகியது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டது. வெளியே போடக் கூடாது என்றுதான் பத்திரத்தில் இருக்கிறது. வீட்டில் கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்டால் சென்னைக்குப் போக மாட்டேனோ என்று பயமாக இருந்தது.

ஜீவி


திருப்பூர்
8.12.2025

ஜீவி,

உன் சென்னை முகவரிக்கு எழுதுகிற முதல் கடிதம். அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, தொண்டையைப் பற்றி இனி நான் சொன்னால் நீ கேட்க வேண்டும்.

நம் பாட்டு, இனி நம் பாட்டு என்று சொல்லலாமா தெரியவில்லை, எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனில் தினம் ஓடுகிறது. கட்டிங் பிள்ளைகள் அதற்குத்தான் டீ குடிக்கிறார்கள். முந்தாநாள் நான் என்னை அறியாமல் கூடவே அடித்தொண்டையில் முனகியிருக்கிறேன்.

ஜன்னலோரம் எனக்கில்ல, சாய்ஞ்ச தோளும் எனக்கில்ல,
திருச்சுழி பஸ்ஸுக்குள்ள தூங்கிப்போச்சு என் ஊரு.

பக்கத்து மிஷின் ராஜேஸ்வரி கேட்டாள், "புதுப் பாட்டுக்கா இது, ஒனக்கு எப்பிடி முழுசாத் தெரியுது?" நான், "அடிக்கடி போடுறாகல்ல" என்றேன். அந்த நிமிஷம் உன்மேல் கோபம் வந்தது என்று எழுதினால் பொய். வருத்தம் வந்தது. வருத்தத்துக்கு ஆள் தேவையில்லை, அது தானாக வந்து தானாகப் போகிறது. நீ விற்றது விற்றதாகவே இருக்கட்டும். திரும்பத் திரும்ப அதைப் பிடித்துக்கொண்டு அழாதே, நன்றாக வேலை செய்.

பென் டிரைவைப் பல நாள் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். உனக்கு இருந்த பயம்தான் எனக்கும். நேற்று ஞாயிறு. வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்து வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். பென் டிரைவ் சொருகுகிற இடம் எங்களிடம் அந்த வண்டியில்தான் இருக்கிறது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்து போட்டேன். அவர் பக்கத்தில் உட்காரவில்லை. "நீ கேளு" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கிற மாதிரி பின்னால் போய்விட்டார்.

முதலில் நீ நாற்காலியை இழுத்தாய். அப்புறம் நான் பாடினேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறேன், ஜீவி. அப்போது யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நீ எப்போதும் 'இன்னொரு தடவை' என்றுதான் சொல்வாய். பாட்டுக்கு நான் அழவில்லை. நடுவில் பாட்டு நின்றது. தெருவில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க நீ வெளியே போய்விட்டாய் போல. மைக் ஓடுகிறது. நான் உள்ளேயிருந்து உன்னைக் கூப்பிடுகிறேன், அந்தத் தொண்டையால், தெருமுனை வரை கேட்கிற மாதிரி. "ஏ புள்ள, எங்க போய்த் தொலஞ்ச? வெளையாண்டது போதும், உள்ள வா."

என் மகள் சோலைக்கு நான்கு வயது. தெருக்கோடியில் மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவளைக் கூப்பிட நான் தட்டில் கரண்டியால் தட்டுவேன். என் குரல் அவ்வளவு தூரம் போகாது என்று அவளுக்கும் பழகிவிட்டது.

தெருக்கோடியிலிருந்து, "இந்தா வாரேம்மா" என்று சத்தம் வந்தது. ஒரு செருப்போடு ஓடி வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எதுக்கும்மா கூப்பிட்ட?"

சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

பாண்டி